கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மாவின் வட்டா

1

மகளுக்குக் கல்யாணம் என்றால் ஊரில் முதலில் மண்டபம் தேடுவார்கள். நான் வட்டாவைத் தேடினேன்.

வட்டா என்றால் என்னவென்று மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெற்றிலை வைத்து நீட்டுகிற பித்தளைத் தட்டு, ஒற்றைக் காலில் நிற்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் வருவது அதுதான், தேத்தண்ணி அதற்குப் பிறகு. கல்யாணத்துக்குச் சொல்லப் போகிறவர்களும் வட்டாவில் வெற்றிலை வைத்து நீட்டித்தான் சொல்வார்கள். வெறும் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போன கல்யாணங்களுக்கு அம்மா போனதே இல்லை. கேட்டால், "எனக்கு யாரும் சொல்லல்லையே" என்பார்.

நான் டென்மார்க்கில் ஒரு சின்ன ஊரில் இருபத்தேழு வருடங்களாக இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. என் கணவர் காலமாகி ஐந்து வருடம். ஒரே பிள்ளை அபி, கொப்பன்ஹேகனில் இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் இடையில் ரயிலில் நாலு மணி நேரம். அவள் கட்டப்போவது டெனிஷ்காரப் பையன் ஒருவனை. நல்ல பிள்ளை. என் கத்தரிக்காய்ப் பால்கறியைக் கண்ணில் நீர் வழியவழியச் சாப்பிடுவான்.

ஒருநாள் அபி என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ கையில வச்சிருக்கிறது என்ன? வின் பண்ணின கப்பா?" என்று கேட்டாள். டெனிஷ் மொழியில் முதலாளிக்கும் நாய்க்குட்டிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே 'நீ'தான், அதனால் எனக்கும் 'நீ'தான். முதலில் கோபம் வரும், இப்போது வருவதில்லை. அது வட்டா என்று சொல்லி, ஏன் எதற்கு என்று விளங்கப்படுத்தினேன். அவளுக்குப் பிடித்துப்போனது. மாப்பிள்ளையின் தாய் தகப்பனுக்கு வட்டாவில் வெற்றிலை வைத்துத்தான் கல்யாணம் சொல்லப்போவதாகச் சொன்னாள். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் ஊர்ச் சாமான் ஒன்றைக் கேட்டிருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உடனே ஆரையம்பதிக்குத் தம்பி குணத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மாட வட்டா எங்க இரிக்கி தம்பி?"



"அது இப்ப வீட்டில இல்ல அக்கா. ரவுண் நூதனசாலையில இரிக்கி. அம்மா இரிக்கக்குள்ளயே குடுத்திட்டா."

2

இதைச் சொல்வதற்கு முன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் நல்லவளாகத் தெரிவேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். தாய் தகப்பன் பெண்ணுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் ஓர் அறையிலோ சின்ன வீட்டிலோ கடைசிவரை இருப்பார்கள். ஆண் பிள்ளைக்கு அங்கே வேலை இல்லை, அவன் இன்னொரு வளவுக்குப் போகிறவன். வட்டாவும் அப்படித்தான். அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது, அம்மாவிடமிருந்து எனக்கு வரவேண்டியது. அது குடிவழி, தாய்வழி. குணத்தின் மனைவி வசந்தாவுக்கு அவளுடைய தாயின் வட்டா இருக்கிறது.

அம்மா எனக்கு எழுதித் தந்த வீட்டை நான் விற்றேன். டென்மார்க்கில் வீடு வாங்கப் போனபோது வங்கி முதலில் ஒரு தொகை கட்டச் சொன்னது. எங்களிடம் இருந்த ஒரே சொத்து அந்த வளவு. வீட்டு உறுதிப் பத்திரத்தில் அம்மாவுக்குச் சீவிய உரித்து இருந்தது. அதாவது, அவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் அவரை எழுப்ப முடியாது. அவர் கையொப்பம் வைத்தால்தான் விற்கலாம். நான் இங்கிருந்து தொலைபேசியில் கேட்டேன். அம்மா மகளையும் 'மனே' என்றுதான் கூப்பிடுவார்.

"உனக்கு அங்க வீடு வேணுமா மனே?"

"ஓம் அம்மா."

"அப்ப சரி."

அவ்வளவுதான். ஒரு பெருமூச்சுக்கூட விடவில்லை. நானும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். வேண்டியது கிடைத்துவிட்டால் மனிதர்களுக்குக் காது மந்தமாகிவிடும்.

அம்மா குணத்தின் வீட்டுக்குப் போனார். குணத்தின் வீடு என்று நான் சொல்கிறேன், அது வசந்தாவின் வீடு. வசந்தா ஒரு குறையும் வைக்கவில்லை, வைத்தாள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஆனால் எங்கள் ஊரில் பெண் பெற்ற ஒருத்தி மருமகளின் வீட்டில் இருப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கோயிலில் கண்டால் "இப்ப எங்க இரிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்பார்கள். அம்மா பதினொரு வருடம் அதற்குப் பதில் சொன்னார்.

அவர் காலமாகி மூன்று வருடம். அடக்கத்துக்கு என்னால் போய்ச்சேர முடியவில்லை. முப்பத்தோராம் நாளுக்குப் போய், ஒரு கிழமை நின்று வந்தேன். அப்போது வட்டா எங்கே என்று நான் கேட்கவில்லை. அது என் ஞாபகத்திலேயே இருக்கவில்லை.

3

லீவு எடுத்து ஊருக்கு வந்தேன். மட்டக்களப்பு நூதனசாலை, அதாவது அருங்காட்சியகம், வாவியைப் பார்த்தபடி இருக்கிறது. பழைய அரசாங்கக் கந்தோர் கட்டடம் ஒன்றைத் திருத்திச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். வாசலில் மேசை போட்டு ஒரு பிள்ளை இருந்தாள். உள்நாட்டுக்காரருக்கு ஒரு சீட்டு, வெளிநாட்டுக்காரருக்கு வேறொரு சீட்டு.

"அக்கா, ஐடென்டிக் கார்ட் இரிக்கா?"

என்னிடம் இருந்தது மெரூன் நிற டெனிஷ் பாஸ்போர்ட். "ஆரையம்பதி" என்று சொல்லிக்கொண்டே அதை நீட்டினேன். அவள் பாஸ்போர்ட்டையும் என் முகத்தையும் பார்த்தாள். பிறகு பேசாமல் உள்நாட்டுச் சீட்டைக் கிழித்துத் தந்தாள். பெயர் நஸ்ரின், காத்தான்குடிப் பிள்ளை. என் ஊருக்கு அடுத்த ஊர். அந்தச் சீட்டுக்காகவே அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

முதல் அறையில் வயல் சாமான்கள், கலப்பை, மரைக்கால், மாடு கட்டிச் சூடு மிதித்த காலத்துக் கடகங்கள். இரண்டாவதில் மீன்பிடிச் சாமான்கள். அத்தாங்கும் கரப்பும் சுவரில் தொங்கின. வெளியே வாவியில் ஒரு மனிதர் அதேபோன்ற அத்தாங்கோடு இடுப்பளவு தண்ணீரில் இறால் வடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரையும் உள்ளே வரச் சொல்லிச் சுவரோரம் நிறுத்தலாம்.

மூன்றாவது அறையில் வீட்டுச் சாமான்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட் துணி, அதன்மேல் எங்கள் வட்டா.

பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. காலில் ஒரு நெளிவு இருக்கிறது. சின்ன வயதில் குணமும் நானும் இழுபறிப்பட்டுப் படியில் போட்டது. அன்று அடி வாங்கியவள் நான், ஏனென்றால் அது என்னுடையது, நான்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அட்டை: "வெற்றிலை வட்டா. பித்தளை. மட்டக்களப்பு வீடுகளில் விருந்தினரை வரவேற்கப் பயன்பட்டது." கீழே அம்மாவின் பெயர், அன்பளிப்பு என்று.

பயன்பட்டது என்று எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழுகை வந்தது. ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் உள்ளே வந்ததால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் போன பிறகு நஸ்ரின் வந்தாள். நான் யார் என்று சொன்னேன். அவளுடைய முகத்தில் குழப்பம் தெரிந்தது.

"நீங்க அந்தம்மாட மகளா? அவக்கு ஒரு மகன் மட்டும்தான் எண்டெல்லவா நான் நெனச்ச."

"அம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? மாசத்துல ஒருக்கா பஸ்ஸில வருவா. பையில புளி கொண்டு வருவா. பெட்டியத் துறக்கச் சொல்லி, அந்தா அந்தப் பைப்படியில வச்சி அவவே மினுக்குவா. எங்கள தொட உடமாட்டா. மறுகா ரெண்டு வெத்திலய வச்சிட்டுப் போவா. வெறும் வட்டா வைக்கப்படாதாம். காஞ்ச பொறகு நான் எடுத்துப் போடுவன். எங்கட உம்மாட்டயும் ஒண்டு இரிக்கி, அதால எனக்கு வெளங்கும்."

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவவா?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல அக்கா."

4

பொறுப்பாளர் மரியாதையானவர். நான் விசயத்தைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். மகளின் கல்யாணம், தாய்வழிச் சாமான், திரும்பப் பெற வழி உண்டா என்று கேட்டேன். வேறொரு வட்டா வாங்கித் தருவதாகவும் சொன்னேன். பேரம் பேசுவதுபோல இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"வாரிசுமார் எல்லாரும் சம்மதிச்சாத்தான் நாங்க சாமான் எடுக்கிற. யாரும் ஒராள் சம்மதிக்காம இரிந்தா மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம். பொறுங்க, கோவையப் பாப்பம்."

கோவை என்று அவர் சொன்ன பைல் வந்தது. மேசைக்குக் குறுக்கே அதைத் திருப்பி என் பக்கம் வைத்தார். அம்மாவின் பெயர், முகவரி. மகன் என்ற இடத்தில் குணத்தின் கையொப்பம். அதற்குக் கீழே "ஏனைய வாரிசுகள்" என்று ஒரு கட்டம்.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துகளை ஒவ்வொன்றாக, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதுபோல எழுதுவார். அந்தக் கட்டத்துக்குள் அவருடைய கையால் எழுதியிருந்தது: பெண் பிள்ளை இல்லை.

நான் இன்னொரு முறை வாசித்தேன். பொறுப்பாளர் மேசையில் இருந்த பேனையை இடமாற்றி வைத்தார்.

"உங்கட பெறப்புச் சான்றிதழ் இரிக்குமே?"

"இருக்கு."

"அப்ப ஏலும். ஒரு சத்தியக்கடதாசி முடிச்சிக் கொண்டு வாங்க. தாயார் குடுத்த விபரம் பிழை, நான்தான் மகள் எண்டு. அதோட நான் மேலுக்கு அனுப்புறன். கல்யாணம் எப்ப?"

அவர் நல்லபடியாகத்தான் கேட்டார். நான் கோவையை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

5

அன்று பின்னேரம் குணம் வேலையால் வரும்வரை நான் வசந்தாவின் குசினியில் இருந்தேன். அவள் வெங்காயம் உரித்தாள், உரித்ததை நான் எண்ணெய்க்குப் போடுமுன் கழுவினேன்.  அவளுக்கு விசயம் தெரிந்திருக்க வேண்டும்.

குணம் வந்து சைக்கிளைச் சாத்தினான்.

"நீயும் கையொப்பம் வச்சிருக்கிறாய்" என்றேன்.

"வச்சன்."

"வாசிச்சியா?"

"வாசிச்சன் அக்கா."

"ஒண்டும் கேக்கல்லையா?"

அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். எனக்கு முகம் காட்டாமலே சொன்னான். "கேட்டன். 'வைக்கிறண்டா வை, இல்லாட்டி வீட்ட போ' எண்டு அம்மா சொன்னா. வச்சன்."

வசந்தா அப்போதுதான் வாய் திறந்தாள். "மச்சாள், மாமி ஒருநாளும் உங்களக் குறை சொன்னதில்ல. பொய்யெண்டா என்ட கண் அவியட்டும். உங்கட கதையே எடுக்கமாட்டா."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ஒரு தாய் மகளின் கதையே எடுக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கும் அப்போது தோன்றியிருக்கலாம், அடுப்பைத் தணிப்பதுபோல எழுந்து போய்விட்டாள்.

அன்றிரவு எனக்கு ஒரே யோசனை. அம்மா என்னைத் தலைமுழுகிவிட்டார். வீட்டை விற்ற அன்றைக்கே முழுகியிருப்பார், எழுதுவதற்கு ஒரு கட்டம் கிடைக்கும்வரை பொறுத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் நான் தொலைபேசி எடுக்கும்போது "சாப்பிட்டியா மனே, குளிரா மனே" என்று கேட்டதெல்லாம் ஊர் மரியாதைக்கு. அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு நியாயமும் இருந்தது.

6

சத்தியக்கடதாசி முடித்துத் தரும் சமாதான நீதவான், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். வீட்டு விறாந்தையில் தட்டச்சுப் பொறியோடு இருக்கிறார். கணினி வாங்கித் தந்த பேரன் அதைத் தானே வைத்திருக்கிறானாம். என் பிறப்புச் சான்றிதழைக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, தானே வாசகம் சொல்லித் தட்டினார்.

"எனது தாயார் மேற்படி படிவத்தில் தனக்குப் பெண் பிள்ளை இல்லையெனத் தவறான தகவல் வழங்கியுள்ளார் என்பதை இத்தால் சத்தியம் செய்து உறுதிப்படுத்துகிறேன்."

"சேர், அந்த 'தவறான' என்கிறதை எடுக்கேலாதா?"

"எடுத்தா மறுகா கடதாசி என்னத்துக்கு?"

"'அறியாமல்' எண்டு போடலாமா?"

அவர் தட்டுவதை நிறுத்தினார். என்னைப் போன்ற எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ, குரலை உயர்த்தவில்லை. "பெத்த புள்ளய ஒருத்தி அறியாம மறப்பாவா? தாயார் எழுதினது பிழையா சரியா, அத முதல்ல நீங்க முடிவெடுங்க புள்ள. நான் நீங்க சொல்றதத்தான் அடிக்கிற."

கையொப்பம் வைக்கிற இடத்தில் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டிருந்தார். நான் பேனையை எடுத்தேன். அம்மா பதினொரு வருடம் மருமகளின் வீட்டில் இருந்தார். நான் அந்தக் காலத்தில் மூன்று முறை வந்தேன். காய்ச்சலென்றால் கஞ்சி வைத்தவள் வசந்தா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் குணம். இதில் அம்மா எழுதியது எந்த இடத்தில் தவறு?

நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

7

அன்று பின்னேரம் நாலரை மணிக்கு அபி வீடியோவில் வந்தாள். அங்கே மதிய இடைவேளை, கையில் சாண்ட்விச்.

"கிடைச்சதா?"

நடந்ததைச் சொன்னேன். பாதி தமிழ், பாதி டெனிஷ். 'சீவிய உரித்து' என்பதற்கு எனக்கு டெனிஷ் தெரியவில்லை, "சாகும்வரை இருக்கலாம் என்ற உரிமை" என்றேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பிறகு எப்போதும்போல ஒரு வழி சொன்னாள்.

"பரவாயில்லை அம்மா. அது மாதிரி ஒன்லைன்ல இருக்கு, நான் பார்த்தேன். ஒரு கிழமையில வரும்."

"சரி மகள்."

"ஆனா அம்மம்மா ஏன் அப்படி எழுதினது?"

"தெரியாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பெரியவளாகிவிட்ட பிறகு அவள் என்னை அப்படி நேராகப் பார்த்தது குறைவு.

"யாராவது ஒரு ஃபோமைத் தந்தா, நீ என்னை அப்படி எழுதுவியா?"

"விசர்க் கதை கதையாத" என்றேன். "எழுதமாட்டேன்."

அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. முத்தம் ஒன்று கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

 நான் அவளிடம் சொன்னது பொய். ஏற்கனவே அப்படி எழுதியிருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் எனக்கு இருதயத்துக்குக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அபிக்கு இன்றுவரை தெரியாது. வைத்தியசாலையில் ஒரு படிவம் தந்தார்கள். ஏதாவது நடந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்ற இடத்தில் என்னோடு சமையலறையில் வேலை செய்யும் கிர்ஸ்டனின் பெயரை எழுதினேன். பிள்ளைகள் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். தாதி பார்த்துவிட்டு, "பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்டாள். "இல்லை" என்று சொன்னேன். சொல்லும்போது நாக்குத் தடுமாறவில்லை.

அபி புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சொன்னால் வந்துவிடுவாள். நாலு மணி நேரம் ரயிலில் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, எனக்குத் தெரியாமல் மணிக்கூட்டைப் பார்ப்பாள். அவளை அந்த நாற்காலியில் இருத்த எனக்கு மனம் வரவில்லை. கோடு போட்டால் அவள் தப்பிவிடுவாள். அவ்வளவுதான் காரணம்.

மகள் இருக்கிறாள் என்று அம்மா எழுதியிருந்தால் என் கையொப்பம் தேவைப்பட்டிருக்கும். நான் லீவு கேட்டு, தூதரகத்துக்குப் போய், கடதாசி முடித்து அனுப்பியிருக்க வேண்டும். அந்த வருடங்களில் அம்மா எதைக் கேட்டாலும் நான் தொலைபேசியில் முதலில் சொன்னது "நேரமில்லை அம்மா" என்பதைத்தான்.

அடுத்த நாள் காலை அதிபரின் வீட்டுக்கு நான் போகவில்லை. கடைத்தெருவில் நூறு வெற்றிலைக் கட்டு ஒன்று வாங்கி, வட்டாவை வெறுமையாக விடவேண்டாம் என்று சொல்லி நஸ்ரினிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அபிக்காகக் கோடு போட்ட அன்று எனக்கு அவள்மேல் துளி கோபமும் இருக்கவில்லை. அம்மாவுக்கும் இருந்திருக்காது. அவர் கோபத்தில் எழுதியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.